பதினொரு விநாடி

ஃபின்னிஷ் பேசக் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: அங்கே வேலை கிடைத்திருக்கிறதா, இல்லை பெண் கிடைத்திருக்கிறாளா. இரண்டும் இல்லை. ஓர் ஐந்து வயதுக் குழந்தையிடம் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதற்கு அவள் சரி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கு ஏழு மாதம் ஆனது.

குழந்தை என் அக்கா மகள். அக்கா படிக்கப் போன இடத்தில் ஒரு ஃபின்லாந்துக்காரரைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். இங்கே மலேசியாவில், கூலாயில், ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் நானும் அம்மாவும்தான். எனக்கு செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சர்க்யூட் பலகைகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்து இது பாஸ், இது ரிஜெக்ட் என்று பிரிக்கிற டிபார்ட்மெண்ட். டிகிரி முடித்துவிட்டு அதைத்தான் செய்கிறேன், அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

அக்கா மகளுக்கு இன்னும் காது குத்தவில்லை. முதல் வயதிலேயே குத்தியிருக்க வேண்டும். ஒரு வருடம் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை, அடுத்த வருடம் பிள்ளைக்குக் காய்ச்சல், அதற்கடுத்த வருடம் ஏதோ ஒன்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. உலகத்தில் வேறு மடி கிடையாது. அம்மா அதை ஞாபகப்படுத்தாத வாரம் கிடையாது.

குறுக்கே நின்றவர் அத்தான். ரொம்ப நல்ல மனுஷன், பிரச்சினையே அதுதான். வீடியோ காலில் மெதுவான ஆங்கிலத்தில், கோபமே இல்லாமல் சொன்னார்: காது அவளுடையது, அவள் சரி என்றால் எனக்கும் சரி. அக்கா அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். அம்மா போனையே ஒரு மாதிரி பார்த்தார்.

"அஞ்சு வயசு புள்ளகிட்ட பர்மிஷன் வாங்கணுமா? ஒன் தம்பிக்குக் குத்தறப்ப அவன்கிட்ட கேட்டா குத்துனோம்? அவன் கத்துனது மெயின் ரோடு வரைக்கும் கேட்டுச்சு. இப்ப என்ன செத்தா போயிட்டான்?"

"அம்மா, அவர் அப்படித்தான் மா. விடுங்க."

"சரி லா. அப்ப நீயே கேளு அவகிட்ட."

அக்கா யோசித்தாள். "நான் கேட்டா அம்மா சொல்றாங்களேன்னு சரின்னுடுவா, அத இவர் ஒத்துக்க மாட்டார். இவர் கேட்டா வேணாம்னு சொல்ல வைக்கிற மாதிரியே கேப்பார். தம்பி, நீ கேளு டா. ஒன் மடிதானே."

"எந்த பாஷைல கேக்கறது?"

அதுதான் விஷயம். மருமகளுக்கு, அதாவது அக்கா மகளுக்கு, தமிழ் வராது. பிறந்த புதிதில் அக்கா தமிழில்தான் கொஞ்சினாள். நர்சரியில் விட்டதும் தமிழ் கழன்றுவிட்டது. 'வா', 'சாப்பிடு', 'அடி விழும்' இந்த மூன்று மட்டும் மிச்சம். ஆங்கிலம் பள்ளிக்கூடம் போனால்தான் வருமாம். ஆக நான்தான் ஏற வேண்டும், அவள் இறங்க மாட்டாள்.

ஒரு ஆப்பை இறக்கினேன். ரொம்ப சுலபமாக இருந்தது, அதிலேயே எனக்கு சந்தேகம் வந்திருக்க வேண்டும். அது சொல்லிக் கொடுத்த வாக்கியங்கள்: நான் ஒரு மாணவன். கரடி ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக இருக்கிறது. உங்கள் பாட்டனார் ஒரு திறமையான மந்திரவாதி. இரண்டு மாதத்தில் எண்ணூறு வார்த்தை. கேண்டீனில் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்து முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். என் லைனில் வேலை செய்கிற நண்பன் ஒரு நாள் தட்டோடு எழுந்து எதிர் பெஞ்சுக்குப் போய்விட்டான்.

"மச்சி, ஒனக்கு சாமி வந்துருச்சா, இல்ல பேயா? எதுவா இருந்தாலும் சாப்பிட்டு முடிச்சப்புறம் வர சொல்லு லா."

ஒரு ஞாயிறு மதியம், அங்கே காலை, மருமகளிடம் நேரடியாகப் பேசிப் பார்த்தேன். "வணக்கம். நான் உன் மாமன். நீ எவ்வாறு இருக்கிறாய்?" அந்த ரேஞ்சில். அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அக்காவின் கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் போனைக் கீழே வைத்தாள்.

"என்ன சொல்றா?"

"நீ டிவில வெள்ளம் வந்த நியூஸ் படிக்கிற ஆள் மாதிரி பேசுறியாம் டா."

அப்போதுதான் தெரிந்தது, நான் படித்தது புத்தகத்து மொழி, அதை வீட்டில் யாரும் பேசுவதில்லை. இதெல்லாம் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தன் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கு வந்து 'அம்மையீர், இந்த மீ கோரெங்கின் விலை யாது' என்று கேட்டால் எப்படி இருக்கும். அப்படித்தான் நான் ஓர் ஐந்து வயதுப் பிள்ளை முன்னால் உட்கார்ந்திருந்தேன். எண்ணூறு வார்த்தையும் போச்சு.

பேச்சு மொழி சொல்லிக் கொடுக்கிற ஆள் இணையத்தில் கிடைத்தாள். வடக்கே ஏதோ ஓர் ஊரில் யுனிவர்சிட்டியில் படிக்கிறவள், என் வயதுதான். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், கேமராவில். பாடமெல்லாம் இல்லை, சும்மா பேசுவது. ஆனால் பேச வேண்டியவள் பேச மாட்டாள். நான் ஒன்று கேட்பேன், அவள் ஜன்னலைப் பார்ப்பாள். நெட் நின்றுவிட்டதோ என்று நான் கையை ஆட்டிப் பார்ப்பேன். பார்த்தால் அவள் கண் சிமிட்டுவாள். இருக்கிறாள். யோசிக்கிறாள். எனக்குத் தாங்காது. நானே பதிலையும் சொல்லி, அதற்கு நானே சிரித்து, அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

மூன்றாம் வாரம் ஆங்கிலத்தில் கேட்டாள்: "உன் கேள்விக்கு நீயே ஏன் பதில் சொல்லிக்கொள்கிறாய்?"

"எங்க ஊர்ல அப்படித்தான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு யாராவது வந்தால் டீ குடிக்கிறீர்களா என்று கேட்போம். வேண்டாம் என்பார்கள். டீ வரும். ஒன்றும் சொல்லாவிட்டால் டீயோடு முறுக்கும் வரும். பதிலுக்காக யார் காத்திருக்கிறார்கள்? கேட்பது மரியாதைக்கு, கொடுப்பது கடமைக்கு. அவளுக்கு இதை விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. "அப்போது உண்மையிலேயே வேண்டாம் என்கிற ஆள் என்ன செய்வார்?" என்று கேட்டாள்.

"குடிச்சிருவார்" என்றேன்.

ஆனால் பேச்சு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே வந்தது. வார்த்தைகளின் வாலை எல்லாம் வெட்டிவிட்டுப் பாதியை விழுங்கிப் பேசுகிற மொழி அது, நமக்கு அதெல்லாம் கைவந்த கலை. ஞாயிறு மதியம் மருமகளோடு அரை மணி நேரம். ஆடுகிற பல், பனியில் தொலைந்த கையுறை, நர்சரியில் மண்புழுவை வாயில் போட்ட பையன். அவள் என்னை 'எனோ' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அம்மாவின் சகோதரனுக்கு மட்டும்தான் அந்த வார்த்தை. அப்பாவின் சகோதரனுக்கு வேறு. ஆங்கிலத்தில் எல்லாரும் அங்கிள், பெட்ரோல் ஸ்டேஷனில் காற்றடிப்பவர் வரைக்கும். அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தியா. அவங்களுக்கும் தாய்மாமன் இருக்கான். அப்ப மடியும் இருக்கும்ல?"

ஆறாம் மாதம் கேள்வியைத் தயார் செய்தேன். டீச்சரோடு உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகச் செதுக்கினோம். குழந்தைக்குப் புரிகிற மாதிரி, பயமுறுத்தாமல், பொய்யும் சொல்லாமல். 'நீங்கள் இங்கே வரும்போது, நீ என் மடியில் உட்காருவாய். ஒருத்தர் உன் காதில் குட்டியாக ஓட்டை போட்டுக் கம்மல் மாட்டுவார். கொஞ்சம் வலிக்கும். உனக்கு இது வேணுமா?' இதைக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், மோட்டாரில் ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன், ரிஜெக்ட் பலகைகளிடம் சொல்லிப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு அத்தான் வேண்டுமென்றே வேறு அறைக்குப் போய்விட்டார், அவர் முகத்தைப் பார்த்துப் பிள்ளை பதில் சொல்லக் கூடாது என்று. அக்காவும் அடுப்படியில். இந்தப் பக்கம் அம்மா என் தோளுக்குப் பக்கத்தில், திரையில் தெரியாத மாதிரி.

கேட்டேன். ஒரு வார்த்தை பிசகவில்லை.

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் ஒட்டியிருந்த ஏதோ ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். திரையின் மூலையில் வீடியோ காலின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அதையே பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷம் நான்கு விநாடிக்குக் கேட்டு முடித்தேன். ஐந்து, ஆறு, ஏழு. அம்மா என் விலாவில் இடித்தார். "என்ன டா சொல்றா? என்ன டா?" பன்னிரண்டு, பதின்மூன்று. ஸ்டிக்கரின் ஒரு முனை எழுந்தது.

பன்னிரண்டு நிமிஷம் பதினைந்தாவது விநாடியில் என்னால் முடியவில்லை. "சரிதானே? சூப்பர்" என்று அவள் மொழியில் நானே சொல்லி முடித்தேன்.

அவள் தலை நிமிர்ந்தாள். உங்கள் வீட்டில் குரங்கு உண்டா என்று கேட்டாள். உண்டு, செம்பனைக் காட்டிலிருந்து வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும் என்றேன். சிரித்தாள்.

நான் அம்மா பக்கம் திரும்பினேன். "சரின்னுட்டா."

மௌனம் சம்மதம். நம்மில் யாருக்கு இதில் சந்தேகம் வந்திருக்கிறது? பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் குனிந்து நின்றால் தேதி குறித்துவிட்டு வருகிறோம். வேண்டாம் என்றால் சொல்லியிருப்பாளே. சொல்லவில்லையே. நான் பொய் சொல்கிறேன் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவே இல்லை, இதை எவ்வளவு யோசித்தும் அப்படித்தான் நினைவிருக்கிறது. அம்மா அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தேடப் போயிருந்தார். ஐந்து நிமிஷத்தில் சித்தப்பா வீட்டுக்குச் செய்தி போய்விட்டது, பத்து நிமிஷத்தில் ஜொகூர் பாருவுக்கு.

அத்தான் திரைக்கு வந்தார். "அவள் சரி என்றாளா?"

"யெஸ்."

அந்த வாரம் டீச்சரிடமும் சொன்னேன். அவள் கேட்டது வேறு. "என்ன வார்த்தை சொன்னாள்?"

"லைன் சரியாகக் கிடைக்கவில்லை" என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். நான் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

அவர்கள் வந்தார்கள். சிங்கப்பூரில் இறங்கி, எல்லையில் இருக்கிற இரண்டாம் பாலம் வழியாக, நண்பனிடம் இரவல் வாங்கிய காரில் நானே போய்க் கூட்டி வந்தேன். முதல் இரண்டு நாள் மருமகள் வெயிலில் துவண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தவள் விடவே இல்லை. அவள் அப்பா அம்மாவைத் தவிர அவள் பேச்சு புரிகிற ஒரே ஆள் நான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளி ஏதோ கேட்பார்கள். அவள் சட்டையை இழுப்பாள், நான் குனிவேன், காதில் கேட்பாள்: இவங்க என்ன சொல்றாங்க? ஏன் எல்லாரும் என் கன்னத்தைத் தொடறாங்க? அந்தப் பழம் ஏன் நாறுது? நான் சொல்வேன். அவள் சொல்வதை இவர்களுக்குச் சொல்வேன். எனக்கு வந்த கர்வத்துக்கு அளவில்லை. மோட்டாரில் முன்னால் உட்கார வைத்து, நடக்கிற வேகத்தில், தாமான் முடிந்து செம்பனை தொடங்குகிற இடத்துக்குக் கூட்டிப் போய் குரங்கு காட்டினேன். குரங்கைப் பார்த்து அவள் அப்பா மாதிரியே மரியாதையாக நின்றாள்.

ஒரு சாயங்காலம் தானாகவே வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்தாள். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்தார்.

"மடி பழகிடுச்சு. இனிமே ஒண்ணும் பயமில்ல."

அப்போது கேட்டிருக்கலாம். ஏழு நாள் இருந்தது. தினமும் நூறு தடவை அவளோடு பேசினேன், அந்த ஒன்றை மட்டும் மறுபடி கேட்கவில்லை. கோயில் மண்டபம் சொல்லியாகிவிட்டது, சமையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது, அம்மா பட்டுப் பாவாடைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதை யாரிடம் கொண்டுபோய் வைப்பது? கேட்காமல் இருந்தால் பழைய பதில் செல்லும். பழைய பதில் என்று ஒன்று இல்லை என்பது அந்த வாரம் மெல்ல மெல்ல எனக்கு உறைத்தது. தெரிந்தேதான் கேட்காமல் இருந்தேன்.

அன்று காலை அத்தான் வேட்டியை பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா, இன்றைக்கு என்ன என்று?"

"இருக்கு" என்றேன்.

மண்டபத்தில் ஸ்பீக்கரில் நாதஸ்வரம். காது குத்துகிற பத்தர் ஜொகூர் பாருவிலிருந்து வந்திருந்தார், கையில் சின்ன டப்பா. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், அக்கா பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுத் தட்டு எடுக்கத் திரும்பினாள். அத்தானைக் கூட்டத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள், அப்பா அருகில் இருந்தால் பிள்ளை அழும் என்று. பத்தர் காதில் பொட்டு மாதிரி மையால் குறி வைத்தார். அதுவரை அவளுக்கு எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு அவர் டப்பாவைத் திறந்தார்.

அவள் அழவில்லை. திரும்பி என் காதருகே வாயைக் கொண்டுவந்தாள், இந்த ஏழு நாளும் செய்த மாதிரி.

"எனோ. மா என் ஹலூ."

மாமா, எனக்கு வேண்டாம்.

பாடத்தில், வீடியோவில், போன் காலில், எப்போதும் ஒரு வாக்கியம் வந்தால் மனதுக்குள் அதைப் பிரித்துத் தமிழாக்கிப் பிறகுதான் புரியும். இது அப்படி வரவில்லை. நேராக உள்ளே போய்விட்டது. ஏழு மாதத்தில் அப்படிப் புரிந்த முதல் வாக்கியம்.

"என்ன தம்பி சொல்லுது புள்ள?" பத்தர் கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா கையில் அட்சதையோடு, என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அப்பா போன பிறகு நான் பார்த்ததில்லை. அந்த மண்டபத்தில் அவள் சொன்னதைக் கேட்டவன் நான் ஒருத்தன். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அவள் சொன்னது.

"பயமா இருக்காம். சீக்கிரம் குத்திருங்க."

"அதெல்லாம் எறும்பு கடிச்ச மாதிரிதான் மா கண்ணு. தம்பி, கைய கெட்டியா புடிச்சுக்குங்க."

பிடித்தேன். இரண்டு மணிக்கட்டும் என் ஒரு கைக்குள் அடங்கிவிட்டன. பத்தர் வேகமான ஆள். அவள் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது, அவ்வளவுதான். அட்சதை விழுந்தது, யாரோ குலவை போட்டார்கள். அவள் கத்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வேறு எங்கேயோ பார்த்தேன்.

பத்தர் அடுத்த கம்மலை எடுத்தபோது அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், சத்தமாக. அப்பா என்று அவள் மொழியில். கூட்டம் தானாக விலகியது. அத்தான் வந்து குனிந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவளைத் தூக்கிக்கொண்டார். வேட்டி தடுக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

"இன்னொரு காது..." என்றார் அம்மா. யாரிடமும் இல்லை, பொதுவாக.

பத்தர் கம்மலைத் திரும்ப டப்பாவில் வைத்து மூடினார். நாதஸ்வரத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

சாப்பாடு நடந்தது. அதை நிறுத்த முடியுமா. இலை போட்டாகிவிட்டது. பந்தியில் சித்தப்பா ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "ஒத்தக் காதோட அனுப்புறீங்களா? இப்ப அதான் லா ஃபேஷன்." நாலு பேர் சிரித்தார்கள். அக்கா அவர் இலையில் அப்பளம் வைக்க வந்தவள், வைக்காமல் அடுத்த இலைக்குப் போனாள்.

நான் வெளியே போனேன். அத்தான் காரில் ஏர்கான் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் பிள்ளை காதைப் பொத்தியபடி தூங்கிப் போயிருந்தாள். கண்ணாடி இறங்கியது. அவர் என்னோடு எப்போதும் ஆங்கிலம்தான் பேசுவார். அன்றைக்குத்தான் முதல் தடவை அவர் மொழியில் கேட்டார், வாலெல்லாம் வெட்டி, பாதியை விழுங்கி, இன்னொரு ஃபின்லாந்துக்காரனிடம் கேட்கிற மாதிரி.

"அவ என்ன சொன்னா?"

அதே மொழியில் சொன்னேன். "வேணாம்னு சொன்னா."

"முன்னாடி? ஃபோன்ல?"

"ஒண்ணும் சொல்லல."

தலையை ஆட்டினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும், திட்டுக்கு எனக்கு வார்த்தை தெரியும். அவர் முன்னால் பார்த்துக்கொண்டே, கண்ணாடியை ஏற்றலாமா, ஏர்கான் வெளியே போகிறது என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தார்கள். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. மருமகள் கோபித்துக்கொள்ளவும் இல்லை. சாப்பிட்டாள், விளையாடினாள், நுங்கு பிடித்துப்போய் அடம் பிடித்தாள். ஆனால் என் சட்டையை யாரும் இழுக்கவில்லை. தண்ணீர் வேண்டுமானால் அம்மாவிடம் போய்க் குடத்தைக் காட்டினாள். நான் பக்கத்திலேயே நிற்பேன். நான் நிற்பது தெரிந்தே விரலால் காட்டுவாள். அம்மாவுக்கு அது விளையாட்டு. "பாரேன், என்கிட்டயே கேக்குறா" என்று பூரித்துப்போனார்.

ஒரு மதியம் மேசைக்கு அடியில் அவள் படம் வரைந்துகொண்டிருந்தபோது நானும் குனிந்து உள்ளே போனேன். மன்னிச்சுக்கோ என்றேன். நீ சொன்னது எனக்குப் புரிந்தது, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். டீச்சர் உதவி இல்லாமல், எனக்கு வந்த வரையில். அவள் பச்சைப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நீலத்தை எடுத்தாள். நான் காத்திருந்தேன். முட்டி வலிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். மரத்துக்கு மேலே வானத்தை முழுசாக நீலமாக்கி முடித்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வெளியே தவழ்ந்து போனாள்.

அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை பிள்ளை பயந்துவிட்டது, அப்பன் இளகின மனசுக்காரன், இன்னொரு காது அடுத்த வருடம். பத்தரிடம் பேசியும் வைத்திருக்கிறார். குத்தின காதும் அங்கே போன பிறகு கம்மலைக் கழற்றியதில் மூடிவிட்டது என்று அக்கா எனக்கு மட்டும் மெசேஜ் போட்டாள். வேறு ஒன்றும் எழுதவில்லை. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாடத்தைத் தொடர வேண்டுமா என்று கேட்டாள். தொடர்வோம் என்றேன். எதற்கு என்று கேட்காததற்கு அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். இப்போது எல்லாம் புரிகிறது எனக்கு. வேகமாகப் பேசினாலும், வாயில் சாப்பாட்டோடு பேசினாலும், பக்கத்து அறையிலிருந்து பேசினாலும் புரிகிறது.

போன ஞாயிறும் மதியம் கால் வந்தது. அம்மா முடியை வாரிக்கொண்டு வந்து போன் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். திரையில் அக்கா மட்டும்தான். உள்ளேயிருந்து சின்னக் குரல் கேட்டது: அது எனோவா? நான் வரல.

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "குளிக்கப் போறா மா. அப்பறமா பேசுவா."

அம்மா என் பக்கம் திரும்பினார். அக்கா சொன்னதை விட நான் சொல்வதில்தான் அவருக்கு நம்பிக்கை, எனக்குத்தானே அந்தப் பாஷை படித்துத் தெரியும்.

"என்ன டா சொன்னா புள்ள?"

"குளிக்கப் போறாளாம் மா" என்றேன்.